ஹோம்ஸ்டே நன்றாக ஓடுகிறது. பின்னால் மூன்று அறை கட்டலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் மணக்குடிக்கும் நடுவே ஒரு கடலோர ஊரிலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இவரும் பள்ளியில் படிக்கும் மகளும் மாமனார் கட்டிய பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். மாமனார் 2011-லும் மாமியார் 2019-லும் இறந்துவிட்டார்கள். உயில் எதுவும் இல்லை. கணவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. கிறிஸ்தவக் குடும்பம். மாமியார் போன பிறகு சும்மா கிடந்த இரண்டு அறைகளைச் சரிசெய்து, குளியலறை புதிதாகக் கட்டி, செயலி ஒன்றில் பதிவு செய்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடத் தொடங்கினார். காலையில் புட்டும் கடலையும், கேட்டால் மதியம் மீன்குழம்பும் உண்டு. கார்த்திகை முதல் தை வரை அறை காலி இல்லை. மே மாதமும் அப்படித்தான். கடந்த ஆண்டு செலவு போவதற்கு முன் ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கிறது.

தொழில் ஓடுவதைப் பார்த்த கொழுந்தன், "வருமானத்தில் பாதி எனக்கு" என்கிறார். சந்தில் நிற்கும் கார்களால் பக்கத்து வீட்டாரோடு சண்டை. இரண்டு பேர் என்று பதிவு செய்துவிட்டு ஏழு பேராக வந்தவர்களை இவர் திருப்பி அனுப்ப, அவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டு மோசமாக எழுதிவிட்டார்கள். காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து யார் யார் தங்குகிறார்கள் என்று விசாரித்துப் போனாராம். அன்றிலிருந்து, வருகிறவர்களிடம் "யாராவது கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்லுங்கள்" என்று சொல்லிவைக்கிறார். இதற்கு நடுவில், கணவர் அனுப்பிய பவர் பத்திரத்தை வைத்து வீட்டை ஈடு காட்டி 25 லட்சம் கடன் வாங்கவும், பின்னால் தென்னை நிற்கும் இடத்தில் மூன்று அறைகள் கட்டவும் திட்டம். "வீட்டு வரி ரசீது என் கணவர் பெயரில்தான் இருக்கிறது. நாத்தனாருக்குக் கல்யாணத்திலேயே நகையும் பணமும் கொடுத்தாயிற்று. வரியைச் செயலிக்காரர்களே பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு எனக்கு என்ன தடை?" என்று கேட்கிறார்.

சகோதரி, நீங்கள் செய்வது நல்ல தொழில். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் வருகிற கூட்டம் கன்னியாகுமரி ஊருக்குள்ளேயே தங்கிவிடாமல் முட்டம், பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு என்று மாவட்டம் முழுக்கப் பரவுவது நமக்கெல்லாம் நல்லது. அதில் ஒரு பெண் தன் வீட்டிலிருந்தே சம்பாதிப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இருக்கிற இரண்டு அறைகளைத் தாராளமாகத் தொடருங்கள். ஆனால் அந்தக் கடனை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் கட்டப்போகும் மண்ணில் மூன்றில் இரண்டு பங்கு உங்கள் கணவருடையது அல்ல. மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டும்.

வீடு யாருடையது?

வரி ரசீது, வரி கட்டியவர் யார் என்பதைத்தான் காட்டும். உரிமையைக் காட்டாது. பஞ்சாயத்தில் பெயர் மாற்றிவிட்டதால் வீடு கைக்கு வந்துவிட்டது என்று நம் மாவட்டத்தில் பலரும் நம்புகிறார்கள். வங்கி வழக்கறிஞர் பத்திரத்தைக் கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

நாத்தனார் விஷயம் இன்னும் முக்கியம். நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே கிறிஸ்தவர்களுக்கு இருந்த பழைய வாரிசுச் சட்டத்தில், மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது ஸ்ரீதனமாகக் கிடைக்கும். அதோடு சரி. கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பழைய எண்ணம் வீடுகளுக்குள் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான்.

உங்கள் கணக்கு இதுதான். மாமனார் உயில் எழுதாமல் இறந்ததால் மாமியாருக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகவும் போனது. மாமியாரின் பங்கும் அவர் இறந்த பிறகு பிள்ளைகள் மூவருக்கே சமமாக வந்தது. ஆகவே மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. கல்யாணத்துக்குக் கொடுத்ததைக் கழிக்கலாமா என்றால், கழிக்க முடியாது. தகப்பன் உயிரோடிருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கு பிரிக்கும்போது கணக்கில் எடுக்கக் கூடாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நாத்தனார் இதுவரை கேட்கவில்லை என்பதால் அவருடைய உரிமை போய்விடாது. நீங்கள் 25 லட்சம் போட்டுக் கட்டி முடித்த பிறகு அவரோ அவர் பிள்ளைகளோ கேட்டால், நிலைமை இன்னும் கடினமாகும்.

கொழுந்தன் கேட்கிற "பாதி"யும் சரியல்ல. அவர் மூன்றில் ஒரு பங்குக்காரர். அதுவும் வீட்டில்தான், உங்கள் உழைப்பில் அல்ல. விடியற்காலையில் எழுந்து புட்டு அவிப்பதும், விரிப்பு துவைப்பதும், இரவு பதினோரு மணிக்கு வழி தெரியாமல் கூப்பிடுகிறவருக்குப் பதில் சொல்வதும் நீங்கள். அந்த உழைப்பின் கூலியைப் பங்குபோடும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் கூட்டுச் சொத்தை வெளியாருக்கு விட்டு வருமானம் எடுத்தால், மற்ற பங்குதாரர்கள் தங்கள் பங்குக்குக் கணக்குக் கேட்கலாம். அது அவர்கள் உரிமை.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கொழுந்தனும் நாத்தனாரும் தங்கள் பங்குக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். மனை பெரிதாக இருந்தால் பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதி, வீடும் பின்பக்க இடமும் யாருக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு, வெளியாருக்குக் கிரயம் எழுதுவது போல ஆகாது. இரண்டும் உடனே முடியாவிட்டால், குறைந்தபட்சம் எழுத்தில் ஒரு உடன்பாடு செய்யுங்கள். அதற்கு நான் சொல்லும் அளவுகோல் எளியது. அந்த இரண்டு அறைகளையும் ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டால் உங்கள் ஊரில் என்ன கிடைக்குமோ அதை மூன்றாகப் பிரித்து, இருவருக்கும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஒன்பதாயிரம் என்றால் ஆளுக்கு மூவாயிரம். குளியலறைக்கு நீங்கள் செலவழித்ததையும் அந்தத் தாளில் எழுதிவையுங்கள். நாகர்கோவில் நீதிமன்றத்தில் பாகப் பிரிவினை வழக்குகள் எத்தனை ஆண்டுகள் இழுக்கின்றன என்று தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மாதம் ஆறாயிரம் போவது நஷ்டமே இல்லை.

பவர் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் எழுதியது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். கட்டினீர்களா என்று பாருங்கள். அப்படியே இருந்தாலும், உங்கள் கணவர் தன் பங்குக்கு மட்டும்தான் உங்களுக்கு அதிகாரம் கொடுக்க முடியும்.

"சொந்தக்காரர்கள்" என்று சொல்லச் சொல்லாதீர்கள்

இதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஆள் தங்கவைப்பது குற்றமில்லை. அதை மறைத்தால்தான் சந்தேகம் வரும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பெயர், ஊர், கைபேசி எண், வந்த நேரம், போன நேரம், வண்டி எண், கையெழுத்து. அடையாளத்துக்கு ஆதார் கொடுத்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் போதும். அந்தப் படங்களை வாட்ஸ்ஆப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். காவல் நிலையத்தில் கேட்டால் நோட்டைக் காட்டுங்கள். கேட்பதற்கு முன்பே, இன்ன முகவரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவைப்பது இன்னும் நல்லது.

பதிவு பற்றியும் சொல்கிறேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஆறு அறைகள், பன்னிரண்டு படுக்கைகள் வரை ஹோம்ஸ்டேயாகப் பதியலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். தமிழ்நாடு சுற்றுலாத் துறையிலும் ஹோம்ஸ்டேக்களைப் பதிகிறார்கள். இரண்டு விண்ணப்பங்களுக்கும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் வழி கேளுங்கள். சமைத்துக் கொடுப்பதால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் வேண்டும்.

கனடாவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துத் தம்பதியர் ஒரு வாரம் தங்கியதைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் தமிழ் பேசினாலும், கையில் இருப்பது வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் சட்டப்படி வெளிநாட்டினர்தான். எல்லோரும் சி படிவம் என்று சொல்கிற தகவலை, அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிந்தாக வேண்டும். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. ஓட்டலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், வீட்டில் ஒரு அறை என்றாலும் இதே விதிதான். அந்தத் தம்பதியர் வந்ததைப் பதியாமல் விட்டிருந்தால் அதைப் பற்றி, நாகர்கோவில் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் வெளிநாட்டினர் பதிவைப் பார்க்கும் பிரிவுக்கு நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். போகும்போது அவர்கள் தங்கிய தேதி, பணம் வந்த ரசீது எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

கல்யாணம் ஆகாத ஜோடிகளைத் தங்கவைத்தால் கைது செய்வார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். இருவரும் 18 வயது நிறைந்தவர்கள் என்றால் அது குற்றமல்ல. கோவையில் அதிகாரிகள் சீல் வைத்த ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட் வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறது. வயதை மட்டும் கட்டாயம் பாருங்கள். ஒருவர் 18-க்குக் கீழே என்றால், பெற்றோர் இல்லாமல் அறை கொடுக்கவே கூடாது.

பின்னால் கட்டுவது

கொத்தனார், "இப்போது ஆன்லைனில் உடனே அனுமதி வந்துவிடும்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைச் சொல்கிறார். அது 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் குடியிருக்க வீடு கட்டுவதற்கானது. வாடகை அறைகளை வீடு என்று சொல்லி அதில் அனுமதி வாங்கினால், பொய்யான உறுதிமொழியில் உங்கள் கையெழுத்து இருக்கும், கொத்தனாருடையது இருக்காது.

இன்னொன்று, கடல் ஐந்து நிமிட நடை என்கிறீர்கள். கடல்நீர் ஏறி வரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. இருக்கிற வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பது வேறு, அந்த எல்லைக்குள் புதிதாகக் கட்டுவது வேறு. உங்கள் புல எண் எந்த வகையில் வருகிறது என்று நாகர்கோவிலில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

பத்திரமும் அனுமதியும் கைக்கு வந்த பிறகும், வீட்டை ஈடு வைக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கும் முத்ரா கடன் தரப்படும் என்று அறிவித்தார்கள். அதற்குச் சொத்து ஈடு தேவையில்லை. ஒரு அறையில் தொடங்குங்கள். சித்திரையிலும் மார்கழியிலும் நிரம்புகிற அறை ஜூன், ஜூலை மழையில் எத்தனை நாள் காலியாக இருந்தது என்று உங்கள் நோட்டிலேயே பாருங்கள். கடன் தவணை எல்லா மாதமும் வரும்.

வரியும் மின்சாரமும்

செயலி பிடிப்பது ஜி.எஸ்.டி. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் நீங்கள் தனியாகப் பதிய வேண்டாம். செயலி வழியாக வரும் பதிவுகளுக்கு அவர்களே கட்டிவிடுவார்கள். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆனால் வருமான வரி வேறு. ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். பணம் உங்கள் கணக்குக்கா, கணவர் கணக்குக்கா என்பதையும் ஆடிட்டரிடம் சொல்லி ஒரே வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதாக ஆய்வில் முடிவானால், மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தின் இரு மடங்கு கேட்பார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கு. இரண்டு அறைகளுக்குத் தனி மீட்டர் வேண்டுமா என்று பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள்.

வருகிறவர்களும் கடலும் அக்கம்பக்கமும்

ஏழு பேரைத் திருப்பி அனுப்பியது தவறில்லை. ஆனால் இத்தனை பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று உங்கள் பக்கத்தில் எழுதியிருந்தீர்களா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் தெரிகிறது. ஆள் எண்ணிக்கை, கூடுதல் ஆளுக்கு எவ்வளவு, வண்டி எங்கே நிற்கும், இரவு பத்துக்கு மேல் முற்றத்தில் பாட்டு கிடையாது, பணம் திரும்பத் தருவது எப்போது, எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவுக்கு முன்பே தெரிகிற மாதிரி போடுங்கள். குறைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏ.சி. ஒரு அறையில்தான், அதிகாலையில் ஆலய மணி கேட்கும், மீன் வாடை வரும் என்று முன்பே படித்துவிட்டு வருகிறவர் அதற்காக நட்சத்திரம் குறைக்க மாட்டார். அந்த ஒற்றை நட்சத்திரத்துக்கு வக்கீல் நோட்டீஸ் எல்லாம் வேண்டாம். "இரண்டு பேருக்குப் பதிவு, ஏழு பேர் வந்தார்கள், இடம் கொடுக்க முடியவில்லை, வருந்துகிறேன்" என்று பதில் போட்டால் அடுத்து படிக்கிறவருக்குப் புரியும். விருந்தினர் உங்கள் மீது நுகர்வோர் வழக்குப் போட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பெங்களூருக்காரர் என்றால் பெங்களூருவுக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கும். எழுதிவைத்த விதிகள்தான் அங்கே உங்களுக்குத் துணை.

திருட்டுப் பயத்தில் கேமரா வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வாசலிலும் சந்துப் பக்கமும் வைத்து, இருக்கிறது என்று பலகையும் போடுங்கள். அறைக்குள், குளியலறைப் பக்கம், துணி மாற்றும் இடம் எதிலும் கூடாது. அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கடலைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எனக்கு அதுதான் கவலை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலை இழுத்துப்போய் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. காற்றும் இல்லை, மழையும் இல்லை, வெயில் அடிக்கிற நல்ல நாளில் திடீரென்று அலை ஏறும். நமக்குத் தெரியும், ஐதராபாத்திலிருந்து வருகிற பிள்ளைக்குத் தெரியாது. சாவி கொடுக்கும்போதே நீங்கள் வாயால் சொல்லுங்கள். எந்தப் பாறையில் ஏறக் கூடாது, எங்கே கால் நனைக்கலாம் என்று அறைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். எச்சரிக்கை வந்த நாளில் அதைக் கைபேசியிலும் அனுப்புங்கள். முற்றத்துக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இந்த வாரமே இரும்பு வலை மூடி போடுங்கள். குழந்தையோடு வருகிற அடுத்த குடும்பத்துக்கு முன்னால் அது முடிந்திருக்க வேண்டும். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால், விருந்தினர் தங்குவதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்துவிட்டால், ஒக்கி மாதிரி ஒரு புயலில் ஓடு பறந்தாலும் பணம் வராமல் போகலாம்.

பக்கத்து வீட்டார் கோபத்தில் நியாயம் இருக்கிறது. விடிவதற்கு முன் மீன் ஏலத்துக்கு வண்டி எடுக்கிறவருக்குச் சந்தில் குறுக்கே ஒரு கார் நின்றால் அன்றைய பிழைப்பே போகும். முக்கில் யாருடைய காலி மனையையாவது சிறு வாடகைக்குப் பேசி, கார்களை அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்து வீட்டு மனையையே கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, நாத்தனாரிடமும் கொழுந்தனிடமும் பேசப் போகும்போது கையில் காகிதம் வேண்டும். வாரிசுச் சான்றிதழ், மாமனார் பெயரிலுள்ள பட்டா, 1975 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், இந்த நான்கையும் சேர்த்துவிடுங்கள். மாமனார் வாங்கிய இடத்தின் பழைய பத்திரம் மலையாளத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ அதைப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பத்திர எழுத்தர்கள் இருக்கிறார்கள். பத்திரத்தில் உள்ள எல்லையும் இன்றைய புல எண்ணும் ஒன்றுதானா என்று சர்வேயரை வைத்து அளந்த பிறகே விடுதலைப் பத்திரமோ பாகப் பிரிவினையோ எழுதுங்கள்.